ஊசியைக் கீழே வையுங்கோ

எங்கட ஊரில் இன்ரநெற் வேலை செய்யாவிட்டால் மூன்றே மூன்று மருந்துதான். கறண்டை நிப்பாட்டிப் போடுறது. ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டைக்குள் ஊசியால் குத்துறது. இரண்டும் சரிவராவிட்டால் கனடாவுக்குக் கோல் எடுத்து, புதுசு வாங்கக் காசு கேக்கிறது. (கோல் எடுக்க இன்ரநெற் வேணும் என்பது வேற கதை.) இந்த மூன்றுக்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறோம். எழுதுகிற நாங்களும் நாலு மாதம் இதே மருந்தைக் குடித்தவர்கள் என்பதை முதலே ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் குழு கூடுகிற அறை, நண்பன் ஒருவனின் பெரியம்மா வீட்டுப் பின்வளவில் இருக்கிறது. முந்தி நெல்லு மூட்டை அடுக்கின அறை. வாடகை இல்லை. புத்தகங்கள் அங்கேதான், கூட்டங்கள் அங்கேதான், இந்தத் தளத்தில் வரும் எல்லாம் எழுதித் திருத்தி ஏற்றுவதும் அங்கேதான். பைபர் ரவுட்டர் முன்வீட்டு விறாந்தையில். இடையில் முப்பது மீற்றர் வரும், நடுவில் கிணறு, தகரம் போட்ட மாட்டுக்கொட்டில். வளவைக் கிண்டி வயர் தாக்கப் பெரியம்மாவுக்கு விருப்பமில்லை. அதால அறைக்குள் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வைத்து, முன்வீட்டு வைஃபையைக் காற்றில் பிடித்து இங்கே குடுக்கிற மாதிரிச் செய்வித்தோம். இதுக்குத்தான் வயர்லெஸ் பிரிட்ஜ் என்று பெயர். மேல்மாடி எடுத்த வீடு, பின்னுக்கு அனெக்ஸ் போட்டு வாடகைக்கு விட்ட வீடு, கடையும் வீடும் ஒரே வளவில் இருக்கிற இடம் என்று இப்போது எங்கே பார்த்தாலும் இப்படியொரு பாலம் நிற்கிறது. அனேகமானவை நொண்டிக்கொண்டுதான் நிற்கின்றன.

எங்கட பாலமும் நொண்டியது. நொண்டினது அறையில் மட்டும் எண்டால் நாங்கள் பொறுத்திருப்போம். பாலம் போட்ட நாளிலிருந்து முன்வீட்டு இன்ரநெற்றும் குழம்பத் தொடங்கிவிட்டது. பெரியம்மாவின் மகள் குடும்பம் ரொறன்ரோவில். சனி ஞாயிறில் இங்கே பின்னேரம் ஏழு, அங்கே காலை ஒன்பதரை. பேரப்பிள்ளை சாப்பிடுகிறதை வாட்ஸ்அப்பில் பார்க்கிற நேரம் அது. வைஃபை அடையாளம் முழுசாக நிற்கும், கோல் போகாது. பெரியப்பா ஒரு நாள் வாசலில் நின்று, எங்களுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பின்னால இருக்கிற பெடியள் படம் இறக்கி எல்லாத்தையும் உறிஞ்சிப் போடுறாங்கள்." அடுத்த கிழமை அதே கதை இன்னொரு வடிவத்தில் வந்தது. தைக்குள் அறையை ஒதுக்கித் தந்தால் நல்லது, நெல்லுப் போட இடம் வேணும். அந்த வீட்டில் நெல்லு விதைச்சே பதினைந்து வருசம்.

கடையிலிருந்து ஆள் மூன்று தரம் வந்தார். தரத்துக்கு 2500 ரூபா. வந்தவுடன் ஊசி. பிறகு தன்ர போனில் ஏதோ தட்டித் தட்டிப் பாலத்தைத் திரும்பக் கட்டுவார், ஒரு பாட்டு ஓடவிட்டுக் காட்டுவார், போவார். இரண்டாம் நாள் பழைய குறுடி கதவைத் திறடி. மூன்றாம் தரம் 6500 ரூபாவுக்குப் பூஸ்டர் ஒன்று வாங்கச் சொன்னார். இதே நேரம் ரொறன்ரோவிலிருந்து அண்ணை, மெஷ் எண்டு ஒரு சாமான் இருக்கு, மூன்று பெட்டி சேர்ந்து வரும், காசு போட்டுவிடுறன் என்றார். வளவுக்குள் ஆளுக்கொரு விளக்கம். ஒரு கொம்பனிப் போனுக்கு மட்டும் ஏறாதாம். மழைக்கு வராதாம். வெளியே போய்வந்தவரின் போன்தான் கெடுக்குதாம். கடைசியாகச் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது, ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனித்தான் எங்களுக்கு வெட்கமான பகுதி. ஏ.எல் ஐ.சி.ரி பாடத்தில் ஐ.பி முகவரி, சப்நெற், டி.எச்.சி.பி, டி.என்.எஸ் எல்லாம் உண்டு. எங்களில் மூன்று பேர் அந்தப் பாடத்தில் ஏ எடுத்தவர்கள். ஏழு படைகளையும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பிப்போம். நாலு மாதமாக எங்கள் ஒருவருக்காவது, வேலை செய்யாத போனின் ஐ.பி முகவரி என்ன என்று பார்க்கத் தோன்றவில்லை. சோதினைக்குப் படித்த முகவரி வேறு, கையிலிருக்கிற போனின் முகவரி வேறு என்று எங்களுக்குள் எங்கேயோ ஒரு மதில் கட்டியாயிற்று. அந்த மதிலைக் கட்டினது ரியூசன் கொட்டிலா, பள்ளிக்கூடமா, நாங்களேயா என்று இன்னும் அறைக்குள் சண்டை நடக்கிறது.

பார்த்தது எங்களில் ஒருத்தி. அவள் ஐ.சி.ரி படித்தவள் அல்ல, கலைப்பிரிவு. இரண்டு போனை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே வைஃபை, ஒரே இடம். ஒன்றில் இன்ரநெற் இருக்கு, மற்றதில் இல்லை. "அப்ப காத்திலயும் சிக்னலிலயும் பிழையில்லைத்தானே?" என்று கேட்டாள். பிறகு இரண்டிலும் வைஃபை பெயரைத் தட்டி உள்ளே இருந்த விபரங்களை வாசித்தாள். வேலை செய்யிற போனின் முகவரி 192.168.1.14, வெளியே போகிற வழியாக அது வைத்திருந்தது 192.168.1.1. வேலை செய்யாததின் முகவரி 192.168.0.103, வழி 192.168.0.1. நாலு மாதம், 7500 ரூபா, ஒரு குடும்பத்தின் மனக்கசப்பு எல்லாத்துக்கும் காரணம் அந்த ஒரு இலக்க வித்தியாசம்.

என்ன நடந்திருக்கிறது எண்டால், வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு போனும் உள்ளே வரும்போது "எனக்கு ஒரு முகவரி தாங்கோ" என்று கேட்கும். அதைக் குடுக்கிற வேலைதான் டி.எச்.சி.பி. முகவரியோடு சேர்த்து, வெளியே போகிற படலை எது என்றும் அதுதான் சொல்லும். ஒரு வளவுக்கு இந்த வேலையை ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும். எங்கட வளவில் இரண்டு பெட்டி செய்துகொண்டிருந்தன. ஒரு கிராமத்துக்கு இரண்டு விதானையார் இருந்து ஆளுக்காள் வதிவிடக் கடிதம் குடுத்த மாதிரி. முன்ரவுட்டர் முந்திப் பதில் சொன்னால் போன் தப்பியது. பின்ரவுட்டர் முந்தினால், அது தன்னையே படலை என்று காட்டும், ஆனால் அதுக்குப் பின்னால் தெரு இல்லை, மதில்தான். பாலம் என்பதே இரண்டு பக்கத்தையும் ஒரு வளவாக்குவதால், முன்வீட்டில் இருந்த பெரியம்மாவின் போன் கேட்ட கேள்விக்கும் எங்கட அறைப் பெட்டி பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியப்பா ஒரு விதத்தில் சரி. குழப்பம் பின்னாலிருந்துதான் வந்தது. படம் இறக்கினதால் அல்ல.

இப்ப ஊசிக்கு வருவோம். பின்ரவுட்டர் ஏன் முகவரி பங்கிட்டது? கடையிலிருந்து வந்த பெட்டி பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கும். அது தன்னை ஒரு வீட்டின் ஒரே ரவுட்டர் என்று நினைத்துத்தான் வரும். பாலமாக மாற்றுகிறவர் அந்த வேலையைக் கையால் நிப்பாட்ட வேண்டும். ஒருவேளை முதல்நாள் நிப்பாட்டியும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஊசிக் குத்தும் பெட்டியைப் பிறந்த நாளுக்குக் கொண்டுபோய் விடுகிறது. நிப்பாட்டி இருந்தது திரும்பத் தொடங்கும். மூன்று தரமும் நாங்கள் 2500 ரூபா குடுத்து வாங்கினது மருந்தை அல்ல, வருத்தத்தை. ரீசெற் என்பது திருத்தம் இல்லை. பிழை எங்கே இருந்தது என்ற தடயத்தை அழிக்கிற வேலை. பொலிஸ் வருவதற்கு முன்னம் வீட்டைக் கூட்டிக் கழுவி விடுகிறதுக்குச் சமன்.

சரி, அந்த ஆளைத் திட்டுவமா? மாட்டோம். நாலாவது தரம் நாங்கள் கூப்பிட்டது கேள்வி கேட்க. எங்கட வயதுதான். அவரும் ஏ.எல்லில் ஐ.சி.ரி. ஒரு நாளைக்கு எட்டு வீடு, வீட்டுக்கு அரை மணித்தியாலம், பெற்றோல் காசு தன்ர. முழுதாகப் பார்த்துத் திருத்தினால் அடுத்த வீட்டுக்குப் பிந்தும், பிந்தினால் முதலாளி ஏசுவார். திரும்பக் கூப்பிட்டால் திரும்பக் காசு. "தம்பி, சரியாச் செய்தால் எனக்குத்தான் நட்டம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். எங்களையே தம்பி என்றார். இந்தக் கணக்கைப் போட்டவர் அவரல்ல. வருகைக்குக் காசு, திருத்தத்துக்குக் காசில்லை என்று தொழிலை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறவர்களோடுதான் எங்கட சண்டை.

அண்ணையின் மெஷ் பெட்டிகளோடும் ஒரு சண்டை இருக்கிறது. அவை வந்திருந்தால் சரிவந்திருக்கும். அதுதான் கோபம். பழைய பெட்டியைத் தூக்கி எறிந்தவுடன் இரண்டாவது விதானையாரும் போயிருப்பார், எல்லாம் ஓடியிருக்கும், மெஷ் எண்டால் மெஷ்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்போம். ஒரு எழுத்தும் படித்திருக்க மாட்டோம். எங்கட ஊரில் வெளிநாட்டுக் காசு செய்த நல்லதை நாங்கள் மறுக்கவில்லை, எங்களில் பாதிப்பேர் அந்தக் காசில் படித்தவர்கள். ஆனால் ஒன்றைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டிய இடத்தில் எல்லாம் காசு முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. தண்ணி மோட்டர் திணறினால் புது மோட்டர். சுவர் ஊறினால் மேலால மாபிள். வைஃபை போனால் மூன்று பெட்டி.

திருத்தின கதையையும் சொல்லவேணும், ஏனெண்டால் அது ஒரு நாளில் முடியவில்லை.

முதலில் ஒரு சோதனை. வேலை செய்யாத போனுக்கு முகவரியைக் கையாலேயே எழுதினோம்: 192.168.1.50, படலை 192.168.1.1, டி.என்.எஸ் 8.8.8.8. உடனே ஓடியது. அப்ப பாலம் நல்லாத்தான் இருக்கு, முகவரிப் பங்கீட்டில்தான் பிழை என்பது உறுதி. பிறகு லப்ரொப்பைக் கேபிளால் பின்ரவுட்டரில் கொழுவி, அதன் பக்கத்துக்குள் போய் டி.எச்.சி.பியை நிப்பாட்டினோம். பெட்டி ஒருக்கா நின்று எழும்பியது. அதோடு பக்கம் திறக்கவில்லை. லப்ரொப் இப்போது முன்ரவுட்டரிடம் முகவரி வாங்கி 192.168.1 பக்கம் போய்விட்டது, பெட்டியோ இன்னும் 192.168.0.1 இல் இருக்கிறது. அரை மணித்தியாலம் தலையைப் பிய்த்தோம். உண்மையைச் சொன்னால், ஒருவனின் கை ஊசியைத் தேடிப் போய்விட்டது. அவள்தான் கையில் அடித்தாள். லப்ரொப்புக்குக் கையால் 192.168.0.5 என்று எழுதினோம், பக்கம் திறந்தது. முன்ரவுட்டர் பங்கிடுகிற வரிசைக்கு வெளியே பார்த்து, பெட்டிக்கு 192.168.1.2 என்று பெயர் மாற்றினோம். முடிந்தது என்று நினைத்துத் தேத்தண்ணி குடித்தோம்.

அன்றிரவு கறண்ட் போய் வந்தது. பாலம் முழுசாக விழுந்துபோச்சு.

இது வேற வருத்தம். 2.4 கிகாஹேட்ஸ் வைஃபையில் ஒன்றோடு ஒன்று முட்டாமல் நிற்கக்கூடிய சனல்கள் 1, 6, 11 மட்டும்தான். முன்ரவுட்டரில் சனல் "ஓட்டோ" என்று கிடந்தது. எழும்பும் ஒவ்வொரு முறையும் அது தனக்குப் பிடித்த சனலைத் தேடிப் போய் இருக்கும். பின்ரவுட்டரோ பழைய சனலில் காவல் நிற்கும். இரண்டையும் 1 இல் நிறுத்த வேண்டும், அக்கம்பக்கம் எல்லாம் 6 இல் அடைந்து கிடந்ததைப் போனிலேயே பார்த்தோம். ஆனால் முன்ரவுட்டருக்குள் போக பாஸ்வேர்ட் வேண்டும். கொம்பனிக்கு அடித்தோம். தமிழுக்கான இலக்கத்தை அழுத்தி இருபது நிமிசம் பாட்டுக் கேட்டோம். அது வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்றார்கள். மாதாமாதம் காசு கட்டுகிறோம், எங்கட சுவரில் தொங்குகிறது, எங்கட கறண்டில் ஓடுகிறது, உள்ளே போக எங்களுக்கு உரிமை இல்லையாம். கடைசியில் பெட்டியைக் கழற்றித் திருப்பினால் அடியில் ஒரு ஸ்ரிக்கர். சாதாரணப் பாவனையாளருக்கான பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருந்தது. சனலை மாற்ற அது போதும். இதை அந்தக் கோல் சென்ரர் பிள்ளைக்கும் யாரும் சொல்லிக் குடுக்கவில்லைப் போல. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டின நாடு இது. கறண்ட் போய் வந்தால் உடைகிற பாலத்தைக் கட்டிக் குடுத்துவிட்டுக் காசு வாங்குகிறதுக்கு இங்கே முகம் வேணும்.

மிச்சம் வேகம். அதுக்குப் பெட்டி ஒன்றும் வாங்கவில்லை. போனில் சிக்னல் கோடுகளை நம்பாமல் டி.பி.எம் இலக்கத்தைப் பார்க்கப் பழகினோம். அது சைபருக்குக் கீழே போகிற கணக்கு, சைபருக்குக் கிட்ட வரவர நல்லம். அறை மூலையில் மைனஸ் 78. கொட்டில் தகரம் மறைக்காத யன்னலடிக்கு, ஒரு மீற்றர் தள்ளி வைத்தவுடன் மைனஸ் 64. இந்தக் கணக்கில் 14 கூடினால் வந்து சேர்கிற சக்தி ஏறக்குறைய 25 மடங்கு. 6500 ரூபாப் பூஸ்டரை விட ஒரு மீற்றர். பிறகு லப்ரொப்பைக் கேபிளிலேயே விட்டுவிட்டோம். ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திரும்பக் குடுக்கிற பெட்டி, ஒவ்வொரு பொதியையும் இரண்டு தரம் காற்றில் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். பூஸ்டர் பெட்டியின் மட்டையில் அச்சடித்திருக்கிற பெரிய இலக்கத்துக்குப் பக்கத்தில் இதைச் சின்ன எழுத்திலாவது போட்டால் என்ன?

மட்டையில் "எல்லா ரவுட்டருக்கும் பொருந்தும்" என்று போடுகிறார்களே, அதையும் கேட்க வேணும். வைஃபையில் போகிற சாதாரணப் பொதியில் மூன்று முகவரிக்குத்தான் வேலை. பாலத்துக்கு அப்பால் இருக்கிற போனையும் தனியாக அடையாளம் காட்ட நாலாவது முகவரி வேண்டும். அதுக்கு இடம் விதியில் இருக்கிறது. ஆனால் அதை எப்படிப் பேசிப் பாவிக்கிறது என்பதில் கொம்பனிகள் ஒரு ஒழுங்குக்கு வரவில்லை. டபிள்யூ.டி.எஸ் என்று எல்லாரும் எழுதுவார்கள், ஒருவரின் டபிள்யூ.டி.எஸ் மற்றவருடையதோடு பேசாமலும் போகலாம். பேசாவிட்டால் பின்னால் இருக்கிற எல்லாப் போனையும் ஒரே முகமூடிக்குள் மறைத்து அனுப்புகிற வித்தை செய்வார்கள். அது சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. ஆகவே பாலம் போட வெளிக்கிடுகிறவர்கள் இரண்டு பெட்டியையும் ஒரே வகையில் எடுப்பது நல்லம். கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. ஒரு பெட்டி வீட்டில் இருக்கு என்றால் அவருக்கு மற்றது எதையாவது விற்க வேணும்.

இவ்வளவும் ரகசியமா? இல்லை. அதுதான் எரிச்சல். 2003 இல் லிங்சிஸ் கொம்பனியின் டபிள்யூ.ஆர்.ரி 54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டவர்கள், உரிம விதிப்படி மூலநிரலை வெளியே வைக்கச் சொல்லிக் கேட்டு வைப்பித்தார்கள். அதிலிருந்து 2004 இல் ஓப்பன்டபிள்யூஆர்ரி பிறந்தது. பாலம் எப்படிக் கட்டுகிறது, எங்கே உடையும் என்று அவர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள், இங்கிலிசில். தமிழில் தேடினால் எங்களுக்குக் கிடைத்தது, பெட்டியின் பொலித்தீனை உரித்துக் காட்டுகிற வீடியோக்கள். "வணக்கம் மக்களே" என்று தொடங்கி, விலையைச் சொல்லி, கீழே வாங்குகிற லிங்க் இருக்கு என்று முடியும். வாங்கினதுக்குப் பிறகு வருகிற நாலு வருசத்தைப் பற்றி ஒரு சத்தமும் இல்லை. நாங்களும் திறமில்லை. இந்தத் தளத்தில் சினிமா விமர்சனம் எத்தனை போட்டிருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஓடாத ஒரு சாமானை ஓடப்பண்ணின கதை ஒன்றாவது உண்டா?

"எல்லாரும் எல்லாத்தையும் படிக்கேலுமோ?" என்று இந்த வரைவை வாசித்த ஒரு நண்பர் கேட்டார். ஏலாது. நாங்களும் கேட்கவில்லை. 2021 இல் பாடமெல்லாம் சூமில் நடந்தபோது ஊவாப் பக்கம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறினார்கள். அவர்களுக்குக் கோபுரமே இல்லை, அது அரசாங்கமும் கொம்பனிகளும் பதில் சொல்ல வேண்டிய விசயம், ஐ.பி முகவரி வாசித்து அது தீராது. எங்களுக்கோ பைபர் விறாந்தை வரைக்கும் வந்துவிட்டது. அதுக்குப் பிறகு முப்பது மீற்றரில் தொலைக்கிறோம். ஐந்து நிமிசத்தில் பார்க்கக்கூடிய மூன்று விசயம் இருக்கிறது: போனுக்கு வந்த முகவரி எது, முன்ரவுட்டருக்கு பிங் அடித்தால் பதில் வருதா, 8.8.8.8 க்கு அடித்தால் வருதா. முதலாவது பிழை எண்டால் பங்கீட்டில் பிழை. இரண்டாவது பிழை எண்டால் பாலத்தில் பிழை. இரண்டும் சரி, மூன்றாவதுதான் இல்லை எண்டால் வளவுக்கு வெளியே பிழை, அப்போது கொம்பனிக்கு அடித்து வடிவாச் சண்டை பிடிக்கலாம். இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஆளைக் கூப்பிடுங்கோ. கூப்பிட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் அவள் கோபிப்பாள். யன்னலடிக்கு மேலே பெட்டியைக் கட்ட அவள் ஏணியில் ஏறினபோது பெரியப்பா ஓடி வந்து, "பிள்ளை, நீ இறங்கு, பெடியள் ஏறட்டும்" என்றார். பெடியள் நாலு மாதமாகக் கீழேதான் நின்றோம். அவள் இறங்கவில்லை.

தை பிறந்து மாசியும் ஆகப்போகிறது, நெல்லுக் கதை பிறகு வரவில்லை. பின்ரவுட்டரின் ரீசெற் ஓட்டைக்கு மேலே ஒரு பிளாஸ்ரர் ஒட்டி இருக்கிறோம். அதுக்குப் பக்கத்தில் ஒரு துண்டில் பேனையால் எழுதினது: "முகவரி 192.168.1.2. டி.எச்.சி.பி நிப்பாட்டி இருக்கு. சனல் 1. குத்துறதுக்கு முன்னம் எங்களுக்குச் சொல்லவும்." போன ஞாயிறு பெரியம்மா தேத்தண்ணியோடு வந்தவ அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, முன்வீட்டுப் பெட்டிக்கும் இப்படி ஒன்று எழுதித் தரச் சொன்னா. கொஞ்சம் பெரிய எழுத்தில்.